கரண்ட் போன பதினைந்து நிமிடம்

மஞ்சள் பையிலிருந்து காமாட்சி விளக்கை எடுத்து மேஜைமேல் வைத்தார் அந்த அம்மா. கஜலட்சுமியின் முகம் தேய்ந்து செம்மஞ்சளாக இருந்தது. மடிப்புகளுக்குள் மட்டும் கொஞ்சம் வெள்ளை மிச்சம்.

"வெள்ளி பூசுனதுன்னு சொல்லித்தானுங்க குடுத்தாங்க. மூணே மாசம். வாரா வாரம் விபூதி போட்டுத் தேய்க்கிறேன். அப்படியும் பளபளப்பு வரலீங்க."

"விபூதி போட்டதாலதானுங்க போச்சு" என்று சொல்ல, மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்த பெண்ணுக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லவில்லை. "வெச்சுட்டுப் போங்கக்கா, பார்க்கலாம்" என்றார்.

கோவை கணபதியில், லேத் பட்டறைகளுக்கு நடுவே ஒரு சந்தின் கடைசியில் இருக்கிறது அந்தப் பிளேட்டிங் பட்டறை. பெண்ணுக்கு வயது 32. பி.காம். படித்தவர். இரண்டு வருடமாக அப்பாவின் பட்டறையில் கணக்கு பார்க்கிறார். அந்த மாதம் கணக்கோடு சேர்த்துத் தொட்டிகளையும் பார்க்க வேண்டியதாயிற்று. அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். ஒரு மாதத்துக்கு ஆசிட் ஆவி பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அந்த அம்மாவின் விளக்குக்கு நடந்தது பல வீடுகளில் நடப்பதுதான். அழகுக்காகப் பூசப்படும் வெள்ளி பல சமயம் ஒரு மைக்ரான்கூட இருக்காது. நம் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அப்படியென்றால் அந்தப் பூச்சு எவ்வளவு மெல்லியது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதை விபூதியாலும் பல்பொடியாலும் வாரா வாரம் தேய்த்தால், தேய்ப்பது அழுக்கை அல்ல, வெள்ளியை. வெள்ளி கறுப்பது துருவும் இல்லை. காற்றிலிருக்கும் கந்தக வாயுவோடு வெள்ளி சேர்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். அந்தக் கறுப்பைச் சுரண்டினால் அதிலிருக்கும் வெள்ளியும் கூடவே போகும். ஒரு பாத்திரத்தில் அலுமினியம் ஃபாயிலை விரித்து, கொதித்த தண்ணீரும் சமையல் சோடாவும் விட்டு, பொருள் ஃபாயிலைத் தொடுகிற மாதிரி சில நிமிடம் வைத்தால் போதும். கந்தகம் அலுமினியத்துக்கு மாறிவிடும், வெள்ளி இருந்த இடத்திலேயே நிற்கும்.

ஆனால் மூன்றே மாதத்தில் இப்படிச் சிவந்ததற்கு விபூதி மட்டும் காரணம் இல்லை. பித்தளைமேல் நேரடியாக வெள்ளி பூசினால், உள்ளே இருக்கும் செம்பும் துத்தநாகமும் நாளடைவில் வெள்ளிக்குள் ஊறி மேலே வந்துவிடும். அதைத் தடுக்கத்தான் நடுவில் நிக்கல் பூசுகிறார்கள். பட்டறையில் அதற்குப் பெயர் அடிக்கோட்டு. வாங்குகிறவர் கண்ணுக்கு அது தெரியாது. அதனால் விலையைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கைவைப்பதும் அதில்தான்.

இதெல்லாம் அந்தப் பெண்ணுக்கு அப்பா சொல்லித் தெரிந்ததுதான். சின்ன வயதில் பட்டறை என்றாலே அவருக்கு ஆகாது. மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் வேலை முடிந்து வந்ததும் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவார்கள். இவர் அப்பா வாசலிலேயே நிற்பார். "கிட்ட வராத கண்ணு, குளிச்சிட்டு வர்றேன்" என்பார். பட்டறைச் சட்டையைத் தனி வாளியில் போட்டு, தலைக்குக் குளித்து, வேறு சட்டை போட்ட பிறகுதான் கையை நீட்டுவார். அதற்குள் பிள்ளை கோபித்துக்கொண்டு பாட்டியிடம் போயிருக்கும். வெள்ளித் தொட்டியில் இருப்பது சயனைடு கரைசல் என்று தெரிந்தபோது அவருக்குப் பதினாறு வயது. அப்புறம் அதைப் பற்றி அவர் அப்பாவிடம் எதுவும் பேசியதில்லை.

பட்டறை கட்டும்போதே அப்பா நடுவில் இடுப்பளவு சுவர் எழுப்பியிருந்தார். ஒரு பக்கம் ஆசிட் வாளிகள், இன்னொரு பக்கம் வெள்ளித் தொட்டி. இரண்டுக்கும் வடிகால் தனித்தனி. ஆசிட்டும் சயனைடும் சேர்ந்தால் வரும் வாயு ஆளைக் கொல்லும். வேலை பழக வருகிற யாருக்கும் முதல் நாள் முழுக்க இந்தச் சுவரைப் பற்றித்தான் பாடம். உள்ளே சாப்பாடு கிடையாது, டீ கிடையாது, பீடி கிடையாது.

வெள்ளி முலாமுக்குச் சயனைடுதான் சரி என்று கண்டுபிடித்தவர் ஜான் ரைட் என்ற ஆங்கிலேய மருத்துவர். அதை வைத்து பர்மிங்ஹாமின் எல்கிங்டன் குடும்பத்தினர் 1840-ல் காப்புரிமை வாங்கினார்கள். கனமான வெள்ளிப் பூச்சுக்கு இன்றும் பெரும்பாலும் அதே சரக்குதான்.

அப்பாவின் அப்பா ஈயம் பூசுகிறவர். தெருத்தெருவாகத் துருத்தியோடு போய், பித்தளைப் பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவி, ஈயத்தைத் துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் உள்பக்கம் கண்ணாடியாகிவிடும். நவச்சாரம் போடாமல் பூசினால் ஈயம் உருண்டு ஓடும், ஒட்டாது. "எங்கப்பா துருத்தி வெச்சுப் பண்ணதத்தான் நான் கரண்ட் வெச்சுப் பண்றேன். மேல பூசுறது பெரிய விஷயமே இல்ல கண்ணு. அடி சுத்தமா இருக்கணும்" என்பார்.

அடி சுத்தமா என்று பார்க்க அவர் வைத்திருக்கும் வழி எளிமையானது. கழுவிய பீஸைத் தண்ணீரில் முக்கி எடுப்பார். தண்ணீர் ஒரே படலமாகப் படிந்து நின்றால் சுத்தம். எண்ணெய் தடவிய தோசைக்கல்லில் தெளித்த மாதிரி முத்து முத்தாக நின்றால், திரும்பவும் முதலிலிருந்து. எண்ணெய் நீக்கி, ஆசிட்டில் நனைத்து, நிக்கல் ஏற்றி, அதன் பிறகும் நேராக வெள்ளித் தொட்டிக்குப் போகக்கூடாது. நடுவில் 'ஸ்ட்ரைக்' என்று ஒரு சின்னத் தொட்டி. பள்ளிக்கூட லேபில் சில்வர் நைட்ரேட்டில் செம்புக் கம்பியைப் போட்டால், கரண்டே இல்லாமல் கம்பிமேல் வெள்ளி பஞ்சு மாதிரி படியுமே, ஞாபகம் இருக்கிறதா? கனமான வெள்ளிக் கரைசலில் பீஸைச் சும்மா இறக்கினாலும் கிட்டத்தட்ட அதேதான் நடக்கும். படியும், பிடிப்பு இருக்காது. ஸ்ட்ரைக் தொட்டியில் வெள்ளி ரொம்பக் குறைவு, சயனைடு அதிகம். கரண்டை ஓடவிட்டுக்கொண்டே பீஸை இறக்குவார்கள். சில விநாடியில் மெல்லிய ஆனால் கெட்டியான ஒரு படலம் பிடிக்கும். அதற்கப்புறம்தான் பெரிய தொட்டி.

அந்தச் சனிக்கிழமை வேலை, ஒரு சுவிட்ச் போர்டு கம்பெனிக்கான 120 பித்தளை டெர்மினல்கள். உள்ளங்கையளவுதான் ஒவ்வொன்றும். ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கரண்ட் அவை வழியாகப் போகப்போகிறது. உலோகங்களிலேயே மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளிதான் என்பதால் 20 மைக்ரான் கேட்டிருந்தார்கள். திங்கள்கிழமை டெலிவரி.

பி.காம். படிப்பு இங்கே நன்றாகவே உதவியது. ஒரு ஆம்பியர் கரண்ட் ஒரு மணி நேரம் ஓடினால் 4.025 கிராம் வெள்ளி படியும். 100 சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஒரு மைக்ரான் ஏற சுமார் 0.105 கிராம் வேண்டும். ஒரு டெர்மினலுக்குப் பரப்பு 60 சதுர சென்டிமீட்டர் என்றால், 20 மைக்ரானுக்கு ஒன்றேகால் கிராம். 120 பீஸுக்கு 150 கிராம் வெள்ளி. தொட்டியில் தொங்கும் சுத்த வெள்ளித் தகடுகள் கரைந்துதான் அது பீஸுக்குப் போகும். தினமும் சாயங்காலம் அந்தத் தகடுகளை எடுத்து, கழுவி, எடை போட்டு, பீரோவில் பூட்ட வேண்டும். அலசுகிற வாளித் தண்ணீரைக்கூட அங்கே கொட்டுவதில்லை. அதிலும் வெள்ளி இருக்கிறது.

நாற்பது நாற்பதாக மூன்று தவணை. முதல் நாற்பது நன்றாக முடிந்தது. இரண்டாவது நாற்பது நிக்கல் தொட்டியில் தொங்கிக்கொண்டிருந்தபோது, மூன்று மணிக்கு, கரண்ட் போனது.

ரெக்டிஃபையரின் ரீங்காரம் நின்றது. மின்விசிறி நின்றது. பீகாரிலிருந்து வந்து ஐந்து வருடமாக அங்கே வேலை பார்க்கும் பையன், "அக்கா, எடுக்கவா?" என்றான். "இரு, இப்ப வந்துரும்" என்றார் அவர். பதினைந்து நிமிடத்தில் வந்தது. விட்ட இடத்திலிருந்து நிக்கல் ஏறியது. பிறகு ஸ்ட்ரைக், பிறகு வெள்ளி. ஒரு மணி நேரம் கழித்து ஜிக்கை மேலே தூக்கியபோது நாற்பதும் பால் வெள்ளையாக, பார்க்க அவ்வளவு அழகு. மூன்றாவது தவணையும் முடிந்தது. சுடுதண்ணீரில் அலசி, உலர்த்தி, 120-ஐயும் ஒரே அட்டைப்பெட்டியில் காகிதம் சுற்றி அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போனார். முதன்முதலாகத் தனியாக முடித்த பெரிய வேலை. போகும் வழியில் மைசூர்பாகு வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கறுப்புக் கண்ணாடியோடு திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பா கேட்டார்.

"நேத்து மூணு மணிக்கு நம்ம ஏரியாவுல கரண்ட் போச்சாமே?"

"ஆமாங்கப்பா, காமணி நேரம்தான்."

"அப்ப தொட்டியில என்ன இருந்துச்சு?"

"ரெண்டாவது செட்டு. நிக்கல்ல."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "வெளிய எடுத்து ஆசிட்ல நனைச்சியா?"

"இல்லீங்கப்பா."

"சூடு பண்ணிப் பாத்தியா?"

அதுவும் இல்லை.

நிக்கல் ஒரு விசித்திரமான உலோகம். கரண்ட் நின்று சும்மா கிடந்தால் சில நிமிடத்திலேயே தன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தைப் போட்டுக்கொள்ளும். அதற்குமேல் ஏறுகிற நிக்கலோ வெள்ளியோ உட்காரும், ஆனால் கைகோக்காது. அதைத் திரும்ப ஆசிட்டில் எழுப்பித்தான் அடுத்த பூச்சுக்குப் போக வேண்டும். அப்படிச் செய்யாத பூச்சு வெளியே பார்க்க எந்தக் குறையும் இல்லாமல் இருக்கும். சூடேறும்போதுதான் தெரியும். டெர்மினல்கள் வாழ்நாள் முழுக்கச் சூட்டில்தான் இருக்கப்போகின்றன. பூச்சு எழும்பினால் தொடர்பு கெடும், தொடர்பு கெட்டால் இன்னும் சூடேறும், சூடேறினால் இன்னும் எழும்பும்.

அன்றைக்கே ஆட்டோவில் இருவரும் பட்டறைக்குப் போனார்கள். அப்பா உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். மகள் இரண்டு டெர்மினல்களை ஓவனில் வைத்து, 150 டிகிரியில் அரை மணி நேரம் விட்டு, எடுத்துத் தண்ணீரில் போட்டார். ஒன்றில் எதுவும் இல்லை. இன்னொன்றில், ஓரத்தில், கடுகளவு மூன்று கொப்புளங்கள். ஊசியால் நெருடியதும் நிக்கலும் வெள்ளியும் சேர்ந்து தோலாக உரிந்து வந்தது.

கெட்டது எந்த நாற்பது என்று தெரியாது. எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கியாயிற்று. இரவு ஒன்பது மணி வரை 120-ஐயும் ஓவனில் வைத்து எடுத்தார். கொப்பளித்தவை 31. அப்படியானால் இன்னும் ஒன்பது, பார்க்க நல்ல பிள்ளையாக, மீதி 89-க்குள் எங்கேயோ ஒளிந்திருக்கின்றன.

திங்கள் காலை கம்பெனிக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். பர்ச்சேஸ் அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார்.

"மேடம், சைட்ல ஆளுங்க சும்மா உட்கார்ந்திருக்காங்க. கொப்பளிச்ச முப்பத்தொண்ண எடுத்துட்டு மிச்சத்த அனுப்பிடுங்க. ஓவன்ல தாங்குனது போர்டுலயும் தாங்கும்ல?"

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. 89 பீஸுக்கு இன்றே பில் போடலாம். பேங்க் தவணை பத்தாம் தேதி. ஒன்பது டெர்மினல்கள் எங்கோ ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ஒரு இரும்புப் பெட்டிக்குள், ஒருவேளை நன்றாகவே உழைக்கலாம். கெட்டாலும் ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்துக் கெடும். பிளேட்டிங் போட்டது யார் என்று அப்போது யார் தேடப்போகிறார்கள்?

போனைக் கையால் மூடிக்கொண்டு கேட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். அப்பா வேப்பமரத்தடியில்தான் இருந்தார். காதில் விழுந்திருக்கும். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரியவில்லை. எதுவும் சொல்லவில்லை.

"வியாழக்கிழமை 120-ம் தர்றேன் சார். அதுக்கு முன்னாடி முடியாது" என்றார் மகள். மறுமுனையில் பேசிய மொழி அதற்கப்புறம் கொஞ்சம் மாறியது. அதை இங்கே எழுத வேண்டாம்.

பூசுவதைவிடக் கழற்றுவது கஷ்டம். வெள்ளியைக் கழற்றும் அமிலக் கலவையில் ஒரு துளித் தண்ணீர்கூடப் படக்கூடாது. பட்டால் பித்தளையையும் சேர்த்துத் தின்றுவிடும். அதனால் ஒவ்வொரு பீஸும் எலும்பு மாதிரி காய்ந்திருக்க வேண்டும். வாசலிலிருந்து அப்பா சொல்லச் சொல்ல, முகக் கவசமும் முழங்கை வரை கையுறையும் போட்டுக்கொண்டு மகளும் பையனும் செய்தார்கள். பிறகு நிக்கலை வேறொரு தொட்டியில் கழற்றி, பித்தளையை மறுபடி பஃபிங் போட்டு, சுத்தம் பார்த்து, முதலிலிருந்து எல்லாம். தீர்ந்துபோன அமிலத்தை மெல்ல நீர்க்கச் செய்து உப்புத் தண்ணீர் விட்டதும், திரிந்த பால் மாதிரி வெள்ளை வெள்ளையாகக் கட்டி இறங்கியது. வெள்ளியெல்லாம் அதில்தான். உருக்கிச் சுத்தம் செய்பவரிடம் கொடுத்தால் பெரும்பகுதி திரும்ப வரும். மூன்று நாள் கூலி வராது.

இரண்டாம் முறை இன்னொரு சிக்கலும் பிடிபட்டது. கனமாக ஏற்றும்போது கரண்ட் ஓரங்களையும் மூலைகளையும்தான் முதலில் தேடிப் போகும். அதனால் நடுவில் 20 மைக்ரான் ஏறுவதற்குள் முனையில் 30-ஐத் தாண்டி நெல்மணி மாதிரி சொரசொரத்துவிடும். முதல் முறையிலும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அழகில் மயங்கி அவர் கவனிக்கவில்லை. ஜிக்கைச் சுற்றி ஒரு செம்புக் கம்பியைக் கட்டச் சொன்னார் அப்பா. ஓரத்துக்குப் போகிற கரண்டில் ஒரு பங்கை அந்தக் கம்பி வாங்கிக்கொள்ளும். அதில் கொஞ்சம் வெள்ளி வீணாகும். "அது திருட்டுக் கம்பி. வீட்டு நாய்க்கு முன்னாடி தெரு நாய்க்கு ஒரு பிஸ்கட் போடுற மாதிரி" என்றார். உதாரணம் அவ்வளவு பொருத்தமாக இல்லை. ஆனால் பையன் விழுந்து விழுந்து சிரித்தான்.

புதன் மதியம் மறுபடி கரண்ட் போனது. நிக்கல் தொட்டியில் நாற்பது பீஸ். யாரும் எதுவும் சொல்லும் முன் ஜிக் வெளியே வந்துவிட்டது. அந்த நாற்பதையும் தனித் தட்டில் வைத்து, கரண்ட் வந்ததும் ஆசிட்டில் நனைத்து எழுப்பி, மறுபடி இறக்கினார்கள். வெள்ளி ஏறி முடிந்ததும் அந்தத் தட்டிலிருந்தே நான்கை எடுத்து ஓவனில் வைத்தார் மகள். அரை மணி நேரம். தண்ணீரில் போட்டு எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கத்தி முனையால் குறுக்கும் நெடுக்கும் கீறிப் பார்த்தார். கீறல்தான் விழுந்தது. எதுவும் உரியவில்லை.

வியாழக்கிழமை காலை டெம்போ வந்து 120-ஐயும் ஏற்றிக்கொண்டு போனது. தாமதத்துக்காக பில்லில் கொஞ்சம் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கம்பெனியிலிருந்து அடுத்த மாதம் எந்த ஆர்டரும் வரவில்லை. அதற்கடுத்த மாதம் ஒரு சின்ன ஆர்டர் வந்தது, 30 பீஸ்.

காமாட்சி விளக்கையும் நிக்கல் அடிக்கோட்டு போட்டு, ஐந்து மைக்ரான் வெள்ளி ஏற்றி முடித்திருந்தார். வாங்க வந்த அம்மா விலையைக் கேட்டு முகம் சுளித்தார். பிறகு விளக்கைப் புடவைத் தலைப்பால் துடைக்கப் போனார். "சும்மா மெத்துனு பருத்தித் துணியில ஒத்தி எடுங்கக்கா, போதும். விபூதி நெத்திக்கு மட்டும்" என்றார் இவர்.

அன்றிரவு வீட்டு கேட் திறக்கும் சத்தம் கேட்டதும் நான்கு வயது மகன் உள்ளிருந்து ஓடிவந்தான்.

"கிட்ட வராத சாமி. அம்மா குளிச்சிட்டு வர்றேன்."

அவன் முகம் தொங்கிப்போனது. திண்ணையில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த தாத்தா, "இங்க வாடா" என்று மடியைத் தட்டிக் காட்டினார்.